இந்தப் பொண்ணு எந்த ஊர்ல இருக்கு?

இருபது ஆண்டுகளாக ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. கேட்டவர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி. அவர் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. தம் மகளிடம் கேட்டார். மகள் அதை ஓர் இன்லேண்ட் கடிதத்தின் கடைசி மடிப்பில், இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருந்தார். “ரேடியோவுல பேசுன இந்தப் பொண்ணு எந்த ஊர்ல இருக்கு என்று அம்மா கேட்டார்கள் அக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.” அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, குறை கூறலும் இல்லை. ஆனால் அதற்குள் பதினாறு ஆண்டுகள் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து எழுந்திருந்த என்னிடம், அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

கிறிஸ்தவ வானொலி ஒன்றின் தமிழ்ப் பிரிவில் 1988 முதல் 2016 வரை காலை நிகழ்ச்சி நடத்தினேன். நாள்தோறும் காலை 6.15 முதல் 6.30 வரை, சிற்றலையில், கால் மணி நேரம். முகப்பிசை, வணக்கம், ஒரு கீர்த்தனை, வேத வசனம் ஒன்றையொட்டி நான்கைந்து நிமிடப் பேச்சு, நேயர் கடிதம் ஒன்று, ஜெபம், விடைபெறுதல். என்னைப் பிரசங்கி என்று நினைத்தவர்கள் உண்டு. நான் பிரசங்கி அல்ல. பாளையங்கோட்டையில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், சென்னைக்கு வந்து நிலையத்தின் கடிதப் பிரிவில் உறை பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு நாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அன்றைய கடிதத்தை நீயே வாசித்துவிடு என்று தயாரிப்பாளர் என்னை உள்ளே அனுப்பினார். அன்று உட்கார்ந்த நாற்காலியிலிருந்து 28 ஆண்டுகள் கழித்துத்தான் எழுந்தேன்.

கடல் கடந்து வந்த காலை

தமிழ்க் கிறிஸ்தவ வானொலி பெரும்பாலும் வேறொரு நாட்டு மண்ணிலிருந்தே நம் வீடுகளுக்கு வந்தது. இங்கே அலைகள் ஆகாசவாணியின் கையில் இருந்தன. 2001இல் தனியார் பண்பலை வந்தபோதும் சமய அமைப்புகள் உரிமம் பெற முடியாது என்ற விதி இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் நம் குரல் சுற்றிக்கொண்டு வந்தது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வந்தது. வத்திக்கான் வானொலி வந்தது. 1931இல் அதைக் கட்டி எழுப்பித் தந்தவர் மார்க்கோனியே. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு மத்திய அலை வந்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வந்தது. அதன் கம்பங்கள் கரையில் அல்ல, கடலுக்குள் பவளத்திட்டின் மேல் நின்றன. 2003இல் அந்த ஒலிபரப்பு நின்றுபோனபோது, ஒரு தலைமுறை நேயர்களுக்கு வீட்டில் ஒருவர் இறந்ததைப் போல இருந்தது. எங்கள் நிலையத்தின் ஒலிபரப்பியும் கடலுக்கு அப்பால்தான் இருந்தது.

ஆகவே என் குரல் போன வழி இது. சென்னையில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் பேசுவேன். அது நாடாவில் பதிவாகி, விமான அஞ்சலில் வேறொரு நாட்டுக்குப் போகும். அங்கே குறித்த நாளில் ஓடவிடப்பட்டு, வானத்தை நோக்கி எறியப்பட்டு, 200, 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, தமிழ்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் இறங்கும். இந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் ஆகும். கணினியும் குறுந்தகடும் வந்த பிறகும் அந்த மூன்று வாரம் அப்படியே நின்றது. தகடு தொலைந்தால் இன்னொன்று அனுப்ப நாள் வேண்டும் என்பதே காரணம்.

காலை நிகழ்ச்சியை எந்நேரத்தில் பதிவுசெய்வோம் என்று யாரும் கேட்டதில்லை. பிற்பகல் 2.30க்கு. அப்போதுதான் கீழே பள்ளிக்கூட வேன்கள் இருக்காது, மாவு மில் ஓடாது. மின்விசிறியின் சத்தம் பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்திவிடுவோம். சித்திரை வெயிலில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, “காலை வணக்கம், இந்த இளங்குளிர் வேளையிலே” என்று தொடங்குவேன். 7 அங்குலச் சுருள் ஒன்றில் 1,200 அடி நாடா. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் அது ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். அதாவது ஒரு சுருளில் இரண்டு காலைகள். ஒரே பிற்பகலில் நான்கு காலைகளைப் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

எனக்குத் தொழில் கற்பித்தவர் அந்தத் தயாரிப்பாளர்தான். கிறிஸ்தவத் தமிழில் ஒலிவாங்கிக்குப் பகையான எழுத்து ‘ப’ என்பார். பிதா, பரலோகம், பரிசுத்த ஆவி, பாவம், பலி என்று நம் சொற்கள் உதட்டை மூடித் திறந்தே பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒலிவாங்கியில் பட்டாசு போல வெடிக்கும். ‘ப’ வரும் இடங்களில் எல்லாம் தாளில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்வார். அந்த இடத்தில் முகத்தை அரை விரல் அளவு இடப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஜெபத்தை வாசிக்கும்போது என் தலை மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். நாடாவைச் சவரப் பிளேடால் வெட்டி ஒட்டுகிற காலத்தில், தவறான சொற்களோடு மூச்சிழுக்கும் சத்தங்களையும் வெட்டி எறிவது பலருக்கு வழக்கம். அப்படிச் செய்தால் பேச்சு பளிங்கு போல இருக்கும். அவர் என்னை மூச்சை வெட்ட விட்டதில்லை. “மூச்சை எடுத்துட்டா, கேக்கிறவங்களுக்குத் தங்களை அறியாம ஒரு பயம் வரும்மா. பேசுறது மனுஷிதானான்னு சந்தேகம் வரும்” என்றார். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு நேயர் கடிதத்தை எனக்கு நானே உரக்க வாசித்துவிட்டுத்தான் தாளை எடுக்க வேண்டும் என்பதும் அவர் வைத்த முறைதான். அந்தப் பழக்கம் கடைசி நாள்வரை என்னிடம் இருந்தது.

கடிதம் எழுதியவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். அதனால் எந்தச் சொல்லில் கடவுளைக் குறிப்பது என்பது எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தீர்மானம். எங்கள் சபையில் கர்த்தர், தேவன் என்போம்; கத்தோலிக்கர் ஆண்டவர் என்பர்; 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்றே இருக்கிறது. காலை 6.15க்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாத ஒருத்தி எந்தச் சொல்லை எடுப்பது? நான் ‘கடவுள்’ என்றேன். சபைப் பெரியவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய அந்த மகள், தம் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் ரேடியோவைப் போடுவதாக முன்பொருமுறை எழுதியிருந்தார். அந்தச் சொல்லை மாற்றாமல் வைத்திருந்ததற்கு அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று வாரத் தாமதத்தால் விநோதங்கள் நடக்கும். தேர்வுக்காக ஜெபிக்கச் சொல்லி ஒரு மாணவன் எழுதுவான். கடிதம் வந்து, வாசித்து, பதிவாகி, நான் அவனுக்காக ஜெபிப்பது காற்றில் வரும்போது தேர்வின் முடிவே வெளியாகியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் போகும் கணவருக்காக ஒரு பெண் எழுதியிருந்தார். நான் நலம் வேண்டிய காலையில் அவர் உயிரோடு இல்லை என்பது அடுத்த கடிதத்தில்தான் தெரிந்தது. அப்போதெல்லாம் ஒரு பதில் எங்களிடம் தயாராக இருந்தது. கடவுளுக்குக் காலம் இல்லை. ஜெபம் என்றைக்குச் சொல்லப்பட்டாலும் வேண்டிய நாளில் அவர் கேட்டிருப்பார். நான் அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கை கடவுளைப் பற்றியது. நேயரின் காதுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பதற்கு அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். அங்கேதான் பிழை நுழைந்தது.

2004 டிசம்பர் 27, திங்கட்கிழமை

அன்றைய நிகழ்ச்சியை டிசம்பர் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகலில் பதிவுசெய்தேன். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வருகிறது, மறுநாள் ஞாயிறு, ஆகவே திங்கள் காலையில் வீடு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்து எழுதியிருந்தேன். எழுதும்போது அது நன்றாக வந்துவிட்டதாகவும் நினைத்தேன். “நேற்றும் முன்தினமும் வீடு நிறைய உறவினர்கள் இருந்திருப்பார்கள். பலகாரத்தின் வாசனை அடுக்களையை விட்டு இன்னும் போயிருக்காது. பிள்ளைகள் ஆடிக் களைத்து அசந்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எழுப்பாதீர்கள். இந்தக் கால் மணி நேரம் நீங்களும் நானும் மட்டும் பேசுவோம்.” ‘பிள்ளைகள்’ என்ற சொல்லின் மேல் பென்சில் புள்ளி இருக்கிறது.

26ஆம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28 மணி 53 நொடிக்கு. அன்றைய என் நிகழ்ச்சியின் கடைசி நிமிடம் அது, முடிவிசை போய்க்கொண்டிருந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்து தண்ணீர் நம் கரைக்கு வந்தது. நான் அப்போது சென்னையில் கோயிலில் இருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, மெரினாவில் கடல் சாலைவரை ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நம்பச் சிறிது நேரம் பிடித்தது. மதியத்துக்குமேல் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், குளச்சல் என்று ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் வந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பிறகு தெரிந்த கணக்கு. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய தரங்கம்பாடியும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அங்கும் கடல் ஏறியது. அன்று மாலைவரை துணிகளும் போர்வைகளும் திரட்டினோம், ஜெபித்தோம், அழுதோம்.

மறுநாள் காலை 6.15க்கு என் குரல் அந்தக் கரைமேல் போகப்போகிறது என்பது அன்று முழுவதும் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் நிலையத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பண்டிகை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒலிபரப்பு நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நாளைக்குப் பேச்சு வேண்டாம், பாட்டுகளை மட்டும் போடுங்கள் என்று ஒரு வரி. அதை அனுப்ப முடியாத நிலையில் நாங்கள் இருக்கவில்லை. என் நிகழ்ச்சியை மறந்தது நான்தான். திங்கட்கிழமை காலையில் அதை நான் கேட்கவும் இல்லை. பதிவான நிகழ்ச்சியைக் கேட்கும் வழக்கம் என்னிடமிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் கடிதப் பிரிவில் கடிதங்களை நான்காகப் பிரிப்பார்கள்: ஜெப விண்ணப்பம், சாட்சி, பாடல் விருப்பம், அலை அறிக்கை. 2005 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அந்தப் பிரிவில் இருந்த தங்கை ஓர் இன்லேண்டை என் மேசைக்குக் கொண்டுவந்து, “அக்கா, இதை எதுல வைக்கிறதுன்னு தெரியலை” என்று சொல்லிவிட்டு நின்றாள்.

வீடு போய்விட்டது. அண்ணன் மகன் போய்விட்டான், ஏழு வயது. ஊரார் எல்லாரும் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். 27ஆம் தேதி விடியற்காலையில், காணாமற்போனவர்களைப் பற்றிச் செய்தியில் ஏதும் சொல்வார்களா என்று மண்டபத்துக் காவலாளியின் டிரான்சிஸ்டரை வாங்கி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். மணி 6.15 ஆனதும் கை பழக்கத்தில் எங்கள் அலைவரிசையில் போய் நின்றுவிட்டது. மண்டபம் முழுவதும் கேட்டிருக்கிறது. “பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள், எழுப்பாதீர்கள் என்று நீங்கள் சொன்னீர்கள் அக்கா. நான் உடனே அணைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.” அதன் பிறகுதான் பக்கவாட்டில் எழுதிய அந்த வரி.

அதே நாள் தபாலில் அலை அறிக்கை ஒன்றும் இருந்தது. சிற்றலை கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஐந்து இலக்கங்களில் எழுதி அனுப்புவார்கள்: அலையின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலை பரவும் சீர், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்த அறிக்கையும் டிசம்பர் 27 காலை 6.15க்கு உரியது. 4-4-4-4-4 என்று போட்டு, அவர் கேட்டதை நிலையம் உறுதிசெய்யும் வழக்கமான அட்டையை அனுப்பும்படி கேட்டிருந்தார். சாதாரணமாகப் பனிக்காலத்துக் காலையில் எங்கள் அலை தேய்ந்து தேய்ந்துதான் வரும். அன்று ஒரு சொல்கூடக் குலையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அங்கி அணிந்த பொறியாளர்கள்

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் என் தொழிலைப் பற்றிப் பழைய கதைகளைத் தேடித் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ என்ற நிலையம் 1921 ஜனவரி 2 அன்று கால்வரி எபிஸ்கோபல் தேவாலயத்தின் மாலை ஆராதனையை ஒலிபரப்பியது. உலகில் வானொலியில் போன முதல் தேவாலய ஆராதனை அது என்பார்கள். அங்கே கருவிகளோடு இருந்த இரண்டு பொறியாளர்களில் ஒருவர் யூதர், ஒருவர் கத்தோலிக்கர். சபையாரின் கவனம் கலையக் கூடாது என்பதற்காக அவர்கள் இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள். இதை ஓர் இனிய செய்தியாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. சமய வானொலி பிறந்த மாலையிலேயே, இடையில் ஒரு கருவி இருக்கிறது என்பதை மறைக்கும் ஆசையும் கூடவே பிறந்திருக்கிறது. நானும் பதினாறு ஆண்டுகள் அந்த அங்கியைத்தான் அணிந்திருந்தேன். பிற்பகலைக் காலை என்றேன். சென்னை வெக்கையை இளங்குளிர் என்றேன். மூன்று வாரத்தை “இன்று” என்றேன்.

மணிலாவில் 1986 பிப்ரவரியில் நடந்ததை வானொலிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 22ஆம் தேதி இரவு, பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸை எதிர்த்து நின்ற படையினரைக் காக்க, கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் வழியாக மக்களைத் தெருவுக்கு அழைத்தார். மறுநாள் அதன் ஒலிபரப்பியை அடித்து நொறுக்கினார்கள். ஜூன் கீத்லி என்ற அறிவிப்பாளர் வேறொரு நிலையத்துக்குப் போய், விடிய விடியப் பேசிக்கொண்டே இருந்தார். எங்கே படை நகர்கிறது, எங்கே ஆள் வேண்டும் என்று அந்த நொடியில் தெரிந்ததை அந்த நொடியில் சொன்னார். அந்த ஆண்டே வேரித்தாஸுக்கு மகசேசே விருது கிடைத்தது. நான் என்னை அவரோடு ஒப்பிடவில்லை. என்னிடம் புரட்சியும் இல்லை, நேரலையும் இல்லை. ஆனால் கேட்பவர் இருக்கும் இரவிலேயே பேசுபவரும் இருந்தார் என்பதுதான் அங்கே பாதிச் செய்தி. காலை நிகழ்ச்சி என்பதும் அடிப்படையில் அதுதான். விழித்த வீட்டில் இன்னொருவரும் விழித்திருக்கிறார் என்ற ஆறுதலுக்காகத்தான் மக்கள் அந்த நேரத்தில் ரேடியோவைப் போடுகிறார்கள். வசனத்தை எந்நேரமும் வேதத்தைத் திறந்து வாசித்துக்கொள்ளலாம், 6.15க்கு என்னிடம் அவர்கள் கேட்டது துணையை. அந்தத் துணையை நான் இருப்பதாகக் காட்டினேனே தவிர, நான் அங்கே இல்லை.

நிலையத்தில் இதைப் பேசினேன். எளிதாக இல்லை. ஐந்து நிமிடமாவது நேரலை வேண்டும் என்று கேட்டேன். ஒலிபரப்பி வேறு நாட்டில் இருக்கும்போது அதற்கான இணைப்புச் செலவை நாங்கள் தாங்க முடியாது என்றார்கள். அது நியாயமான பதில். சத்தியம் காலத்துக்குக் கட்டுப்பட்டதல்ல, நீ ஏன் இப்படி மனத்தைப் போட்டு உழற்றுகிறாய் என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். வசனம் கட்டுப்பட்டதல்ல ஐயா, வணக்கம் கட்டுப்பட்டது என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் வரியை மட்டும் உன் விருப்பப்படி மாற்றிக்கொள் என்றார்.

2005 மார்ச்சிலிருந்து என் நிகழ்ச்சி இப்படித் தொடங்கியது. “வணக்கம். இதை நான் மூன்று வாரங்களுக்கு முன், ஒரு பிற்பகலில், சென்னையில் இருந்து பேசுகிறேன். உங்களுக்கு இன்று எப்படி விடிந்தது என்று எனக்குத் தெரியாது.” அதன் பிறகே முகப்பிசை.

நேயர்கள் எல்லாரும் இதை வரவேற்றார்கள் என்று எழுத முடியாது. பலருக்கு அது கசந்தது. “இத்தனை வருடமாக நீங்கள் என்னோடு விழித்தெழுவதாக நினைத்திருந்தேன்; அதை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?” என்று ஒரு முதியவர் எழுதினார். தனியாக வாழ்பவர். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. அவரிடமிருந்து எதையோ பறித்தது உண்மை. அது பொய்யாக இருந்தாலும் அவருக்கு உதவிய பொய். அவர் பிறகு எழுதவில்லை. ஆனால் மற்றக் கடிதங்கள் மெல்ல மாறின. முன்பெல்லாம் நிகழ்ச்சி நன்றாக இருந்தது, பாடல் மனத்தைத் தொட்டது என்று எழுதுவார்கள். இப்போது தங்கள் காலையை எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு மாடு கன்று ஈன்றது, விடிய விடிய உறக்கமில்லை அக்கா. இன்றைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்றைக்கு அவர் குடித்துவிட்டு வந்து இன்னும் எழவில்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதால் தெரிவித்தார்கள். என் பேச்சைக் குறைத்து, கடிதத்துக்கு ஏழு நிமிடம் ஒதுக்கினேன். 2016இல் நான் ஓய்வு பெறும்வரை நிகழ்ச்சி அந்த அமைப்பில்தான் நடந்தது. அதற்குள் சிற்றலையே ஓயத் தொடங்கியிருந்தது; 2018இல் வேரித்தாஸும் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது.

தார்த்தகட்டு வீட்டின் நிழலில்

அந்த முதல் வரியை நான் எழுதியதாக நிலையத்தில் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது என் வரி அன்று. அந்த இன்லேண்டுக்கு நான் பதில் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பிப்ரவரியில் பேருந்து ஏறி நாகப்பட்டினத்துக்கே போய்விட்டேன்.

அவர்களைத் தற்காலிகக் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். கறுப்புத் தார்த்தகட்டால் வரிசையாகக் கட்டிய சிறு அறைகள். உள்ளே கால் வைத்தால் வெந்துவிடும். அதனால் பகலெல்லாம் எல்லாரும் வெளியே, சுவரோடு ஒட்டிய கையகல நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசவில்லை. பிறகு தாயிடம் குனிந்து, ரேடியோவில் பேசுகிற அக்கா வந்திருக்கிறார்கள் என்றார்.

மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. “பேசு” என்றார், கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோவில் பேசுவதைப் போலப் பேசிக்காட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. வாயைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான முறை சொன்ன முதல் சொல் ‘காலை’ என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெயில் உச்சி சாய்ந்திருந்தது, நேரம் 2.30 இருக்கும். சொல்ல முடியவில்லை. “அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“அந்தக் கொரலுதான்” என்றார் மகளிடம். பிறகு என்னிடம், “எந்த ஊரு நீ?”

“மெட்ராஸ்ம்மா.”

“அங்கயும் அன்னிக்குத் தண்ணி வந்துச்சாமே?”

“வந்துச்சும்மா. பட்டினப்பாக்கம், மெரினா எல்லாம் வந்துச்சு.”

“நீ எங்க இருந்த?”

“கோயில்ல இருந்தேம்மா. மத்தியானமே எல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அப்போ மறுநா காலையில ரேடியோவுல பேசுனது யாரு?”

நான்தான் என்றேன். மூன்று வாரத்துக்கு முன்பே பேசி அனுப்பியது, அதைத்தான் அன்றைக்குப் போட்டார்கள் என்று சொன்னேன். நாடா, தகடு, வேறு நாடு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று நான் தொடங்கியபோது கையை அசைத்து நிறுத்தினார்.

“அதைச் சொல்லிப்புட்டுல்ல பேசியிருக்கணும்” என்றார். “இது முன்னாடியே பேசுனது, அங்க என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு. சொல்லியிருந்தா, பாவம் அதுக்குத் தெரியாதுன்னு இருந்திருப்போம்.”

நிழல் நகர்ந்து என் கால்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்சம் ஒதுங்கி, சுவரோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.